ஹங்கர் கேம்ஸ்: முதலில் புத்தகமா, படமா?

வேளிமலை (ஏப்ரல் 21, இரவு 9.10)

தக்கலை பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் புத்தகம் வாசிக்கிறோம். எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை 14 பேர் வருகிறார்கள். மே விடுமுறைக்கு ஹங்கர் கேம்ஸ் வாசிக்கலாம் என்று அவர்களே கேட்டார்கள். பாதிப் பேர் படத்தை ஏற்கெனவே போனில் பார்த்துவிட்டார்கள். புத்தகத்தை யாரும் கையில் எடுத்ததில்லை. என்னோடு சேர்ந்து நடத்தும் நண்பர், முதலில் எல்லாரையும் உட்காரவைத்துப் படத்தைப் போடுவோம், பிடித்துப்போனால் தானாக வாசிப்பார்கள் என்கிறார். எனக்கு அதில் சம்மதம் இல்லை. காரணத்தைச் சொல்கிறேன், உங்கள் எண்ணத்தையும் சொல்லுங்கள். கதை முழுவதையும் பேசப்போகிறோம். இனிமேல்தான் வாசிக்கப்போகிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. சுசான் காலின்ஸ் எழுதிய முதல் புத்தகம் 2008-ல் வந்தது, அடுத்த இரண்டும் 2009, 2010-ல். வட அமெரிக்கா அழிந்துபோன இடத்தில் பனெம் என்றொரு நாடு. செல்வம் கொழிக்கும் கேப்பிட்டல், அதற்கு உழைத்துப் போடும் 12 மாவட்டங்கள். ஒரு காலத்தில் கலகம் செய்த மாவட்டங்களுக்குத் தண்டனையாக, ஆண்டுதோறும் 12 முதல் 18 வயதுக்குள் மாவட்டத்துக்கு ஒரு பையன், ஒரு பெண் என்று 24 பேரைக் குலுக்கலில் எடுக்கிறார்கள். ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரை ஒருவர் கொல்ல வேண்டும். நாடே அதை டிவியில் பார்க்க வேண்டும். நிலக்கரி வெட்டும் 12-ஆம் மாவட்டத்தில் தங்கை ப்ரிமின் பெயர் வந்ததும், அக்கா காட்னிஸ் அவளுக்குப் பதிலாக நான் போகிறேன் என்று முன்னால் வருகிறாள்.

இப்போது என் சங்கதி. படம் பார்த்த பிள்ளைகளிடம் இது எதைப் பற்றிய கதை என்று கேட்டேன். அம்பு, சண்டை, காதல், தீப்பிடிக்கும் உடை என்று சொன்னார்கள். ஒரு பிள்ளைகூடப் பசி என்று சொல்லவில்லை. தலைப்பிலேயே பசி இருக்கிறது!

புத்தகத்தில் டெசரா என்று ஒரு ஏற்பாடு வரும். 12 வயதானால் உன் பெயர் எழுதிய சீட்டு ஒன்று கிண்ணத்தில் விழும். ஆண்டுக்கு ஒன்று கூடும். இது எல்லாருக்கும் பொது. ஆனால் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் கூடுதலாகச் சீட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஒரு சீட்டுக்கு ஒரு ஆளுக்கு ஓர் ஆண்டுத் தானியமும் எண்ணெயும், அதுவும் அரைவயிற்றுக்குத்தான். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவர் பேரிலும் வாங்கலாம். போட்ட சீட்டு ஆண்டு முடிந்தாலும் கழியாது, சேர்ந்துகொண்டே போகும். காட்னிஸுக்கு 16 வயதில் 20 சீட்டு. அவளோடு காட்டுக்குப் போகும் கேலுக்கு 18 வயதில் 42. மேயர் மகள் மாட்ஜுக்கு ஐந்து.

இந்தக் கணக்கில்தான் முழுக் கதையும் இருக்கிறது. ஒரு பிள்ளை தன் சாவை அளந்து கொடுத்து வீட்டுக்குச் சோறு வாங்குகிறது. படத்தில் மாட்ஜே இல்லை. கேல் 42 என்று போகிற போக்கில் சொல்கிறான், ஏன் 42 என்று பார்ப்பவருக்குப் புரியாது. பசியை எடுத்துவிட்டு விளையாட்டை மட்டும் காட்டினால், நாமும் கேப்பிட்டல்காரர்கள் மாதிரிதானே உட்கார்ந்து பார்க்கிறோம்?


ஆரல்காற்று (ஏப்ரல் 21, இரவு 10.35)

அண்ணா, நான் படத்தின் பக்கம். 2012-ல் காலேஜ் முதலாமாண்டில் பார்த்தேன், அதற்கப்புறம்தான் புத்தகமே வாங்கினேன். படம் இல்லையென்றால் நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். உங்கள் நண்பர் சொல்வதற்கு நானே சாட்சி.

புத்தகம் முழுக்க காட்னிஸின் தலைக்குள்ளேயே நடக்கிறது. அவளுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. படம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. கட்டுப்பாட்டு அறையைக் காட்டியதை யோசித்துப் பாருங்கள். வெள்ளை அறை, சுத்தமான உடை, ஒரு பெண் மேஜைமேல் கையை நகர்த்துகிறாள், அங்கே காட்டில் மரம் பற்றி எரிகிறது. அவர்களுக்கு அது ஆபீஸ் வேலை. அதிபர் ஸ்நோ ரோஜாத் தோட்டத்தில் நின்றுகொண்டு, மக்களுக்கு நம்பிக்கையைக் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும், கூடினால் ஆபத்து என்று பேசுவது புத்தகத்தில் கிடையாது. டொனால்ட் சதர்லேண்ட் அதைக் குரலை உயர்த்தாமல் சொல்வார். பயமே அந்தக் குரலில்தான்.

திரைக்கதையில் கேரி ராஸ், பில்லி ரே இருவரோடு காலின்ஸ் பெயரும் இருக்கிறது. எழுதியவரே கூட உட்கார்ந்து செய்த மாற்றங்கள் இவை. முதல் படத்தில் கேமரா ஆடுகிறது என்று குறை சொல்வார்கள். பிள்ளைகள் பிள்ளைகளைக் கொல்வதை நிலையாக நின்று காட்டினால் அந்த வயதினர் பார்க்கவே முடியாது. அப்படி எடுத்தும், பிரிட்டனில் 12 வயதுக்காரர்கள் பார்க்க அனுமதி வாங்க ஏழு விநாடிகளை வெட்ட வேண்டியிருந்தது.


கோட்டாறு அம்மா (ஏப்ரல் 22, காலை 6.50)

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு வரும் ஜூனில் 12 முடிகிறது. வகுப்பில் எல்லாரும் பேசுகிறார்கள் என்று இந்தப் புத்தகம் வேண்டும் என்கிறாள். நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் குத்திக்கொல்வதை எதற்கு இந்த வயதில் வாசிக்க வேண்டும்? தூங்கும்போது விளக்கை அணைக்க விடாத பிள்ளை அவள்.


பேச்சிப்பாறை (ஏப்ரல் 22, காலை 11.20)

அம்மா, நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் பயம் சரிதான், அதை விட்டுவிடாதீர்கள். அதோடு இதையும் கேளுங்கள்.

காலின்ஸின் அப்பா விமானப்படையில் இருந்தவர். 1968-ல் அவர் வியட்நாம் போனபோது இவருக்கு ஆறு வயது. வீட்டில் யாரும் தெளிவாகச் சொல்லாமல், டிவியில் பார்த்ததை வைத்துப் பயந்துகொண்டு அந்த ஓராண்டு போயிருக்கிறது. அப்பா திரும்பி வந்தபின் போர் என்றால் என்ன, எதனால் வருகிறது, யார் சாகிறார்கள் என்று பிள்ளைகளிடம் ஒளிக்காமல் பேசுவாராம். ஒருநாள் இரவு டிவி சேனலை மாற்றிக்கொண்டே போனபோது, ஒன்றில் இளைஞர்கள் பரிசுக்காகப் போட்டி போடும் ரியாலிட்டி ஷோ, இன்னொன்றில் நிஜமான போர். இரண்டும் ஒன்றாகக் கலந்து தெரிந்ததில்தான் இந்தக் கதை பிறந்தது என்று அவர் பல முறை சொல்லியிருக்கிறார். போரைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நேர்மையாகச் சொல்ல நினைத்தவர் எழுதிய புத்தகம் இது. கொலையை ருசிக்கவைக்கும் வரி ஒன்றுகூட அதில் கிடையாது.

என் யோசனை, இன்னும் ஒரு வருடம் போகட்டும். அல்லது நீங்களும் கூடவே வாசியுங்கள். இரவில் வேண்டாம், பகலில். மூன்றாவது புத்தகத்தை மட்டும் இப்போது கொடுக்காதீர்கள். அதில் வரும் துக்கம் பெரியவர்களுக்கே கனம்.

வேளிமலை தம்பிக்கும் ஒன்று. காட்னிஸை கேப்பிட்டலுக்குக் கொண்டுபோனதும் உடம்பை உரசித் தேய்த்து, முடியை மழித்து, அவர்களுக்குப் பிடித்த மாதிரி ஆக்கி உடை மாட்டுகிறார்களே, அந்தப் பகுதியை அழகுக் காட்சியாகப் பிள்ளைகள் கடந்துபோக விடாதீர்கள். எந்தப் பெண் மேலே என்ன துணி போடலாம் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்த ஊர் நம்முடையது. தோள்சீலைக்காகச் சண்டை நடந்து நடந்து, 1859-ல்தான் திருவிதாங்கூரில் அதற்கு அறிவிப்பு வந்தது, அதிலும் நிபந்தனையோடு. நம் பிள்ளைகளுக்கு அந்த அறை அந்நியமாக இருக்க வேண்டியதில்லை.


கிராம்புக்காடு (ஏப்ரல் 22, இரவு 8.15)

ரூவைப் பற்றி யாருமே பேசவில்லையே.

நான் மாறாமலை எஸ்டேட்டில் வளர்ந்தவள். அம்மாவும் அம்மாச்சியும் கிராம்பு பறித்தவர்கள். மொட்டு விரிவதற்கு முன்னால், லேசாகச் சிவக்கும்போது கையால் கிள்ள வேண்டும். விரிந்துவிட்டால் விலை போகாது. ஏணி போட்டு ஏறினாலும் நுனிக் கிளைக்குக் கை எட்டாது. எடை குறைந்தவர்கள்தான் அங்கே போக முடியும். அம்மாச்சி சிறுபிள்ளையாக இருந்தபோது அவரைத்தான் மேலே ஏற்றுவார்களாம். இடுப்பில் துணிப்பை, ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பறிப்பது. வயதான பிறகும் அவர் விரலை முகர்ந்தால் கிராம்பு வாசனை இருக்கும்.

11-ஆம் மாவட்டம் விவசாயம். அங்கிருந்து ஆட்டத்துக்கு வந்து காட்னிஸோடு கூட்டுச் சேரும் ரூவுக்கு 12 வயது, வீட்டில் ஆறு பிள்ளைகளில் மூத்தவள். பழத்தோட்டத்தில் மரத்தின் உச்சியில் வேலை. வேலை முடிந்தது என்று கொடி ஏறுவது அவளுக்குத்தான் முதலில் தெரியும். உடனே நான்கு சுரத்தில் ஒரு பாட்டைப் பாடுவாள், கேட்ட பாட்டைத் திரும்பப் பாடும் மாக்கிங்ஜே பறவைகள் அதை வாங்கித் தோட்டம் முழுக்கக் கொண்டுபோகும், எல்லாரும் வேலையை நிறுத்துவார்கள். உனக்கு உலகத்திலேயே பிடித்தது எது என்று காட்னிஸ் கேட்டால் பாட்டு என்கிறாள். பயிர் முழுக்க விளைவித்துவிட்டு அதில் ஒரு வாய் தின்றால் சாட்டையடி. இதையெல்லாம் ரூ சொல்லித்தான் காட்னிஸுக்கே தெரிகிறது, பக்கத்து மாவட்டத்தில் என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாதபடிதான் அந்த நாட்டைப் பிரித்துவைத்திருக்கிறார்கள். படத்தில் இந்தப் பேச்சு கிட்டத்தட்ட இல்லை. அமாண்ட்லா ஸ்டென்பெர்க் என்ற அந்தச் சிறுமி கண்ணாலேயே எவ்வளவோ சொல்லிவிடுகிறாள், அதை மறுக்கவில்லை. ஆனால் ரூ ஒரு தொழிலாளி என்பது படத்தில் காணாமல் போய்விட்டது. ஒரு செல்லப் பிள்ளையாக வந்து செத்துப்போகிறாள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரூவின் தோல் அடர்ந்த பழுப்பு நிறம் என்று புத்தகத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. ஆனாலும் 2012-ல் படம் வந்ததும், ரூ எப்படிக் கறுப்பாக இருக்கலாம் என்று ட்விட்டரில் எத்தனை பேர் கோபப்பட்டார்கள்! அந்த வரியை வாசித்தும் அவர்கள் மனதில் பதியவில்லை. வாசித்தபோது நானும் அவளை வெளுத்த பிள்ளையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், எஸ்டேட்டில் என்கூட மரம் ஏறின எந்தப் பிள்ளையும் வெளுப்பில்லை. நல்ல பிள்ளை என்றால் இந்த நிறம் என்று நமக்குள் யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளிடம் படம் போடுவதற்கு முன்னால் ரூவை வரையச் சொல்லுங்கள் அண்ணா. வாசித்துக் காட்டி, வரையச் சொல்லி, அப்புறம் அந்த வரியைத் திரும்ப வாசியுங்கள்.


வேளிமலை (ஏப்ரல் 22, இரவு 9.40)

கிராம்புக்காடு அக்கா, கட்டாயம் செய்கிறேன். ரூ சாகும் இடத்தைப் பற்றியும் எழுத வேண்டும் என்றிருந்தேன்.

காட்னிஸ் பாட்டுப் பாடி, உடம்பைச் சுற்றிப் பூ வைத்துவிட்டுப் போகிறாள். புத்தகத்தில் அதற்கப்புறம் பாராசூட்டில் ஒரு ரொட்டி வந்து இறங்குகிறது. பிறை வடிவம், மேலே விதை தூவியது. 11-ஆம் மாவட்டத்தின் ரொட்டி. அரங்கத்துக்குள் ஒரு பொருள் அனுப்ப ஏகப்பட்ட பணம் வேண்டும், ஆட்டம் முடிய முடிய விலை ஏறும். ரூவுக்கு அனுப்பத்தான் அந்த மக்கள் காசைச் சேர்த்திருப்பார்கள். அவள் செத்ததும், அவளை மரியாதையாக அனுப்பிவைத்த வேற்று மாவட்டத்துப் பெண்ணுக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். எத்தனை வீட்டில் அன்று சாப்பிடாமல் படுத்திருப்பார்கள் என்று காட்னிஸ் யோசிக்கிறாள்.

படத்தில் இந்த ரொட்டி இல்லை. அதற்குப் பதில் 11-ஆம் மாவட்டத்தில் கலவரம் வெடிக்கிறது. பசித்தவன் தன் ரொட்டியைக் கொடுப்பதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அடிதடியை வைத்திருக்கிறார்கள். படத்தின் மீது எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் இதுதான்.


மேற்குக்கரை (ஏப்ரல் 23, அதிகாலை 1.05)

வேளிமலை அண்ணனிடம் மரியாதையோடு முரண்படுகிறேன்.

நான் தூத்தூர் பக்கம். 2017 நவம்பர் கடைசியில் ஓகி வந்தபோது எங்கள் ஊர் ஆட்கள் தங்கல் போயிருந்தார்கள். ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப நாளாகும், அவர்களுக்குப் புயல் செய்தி போய்ச் சேரவில்லை. என் சித்தப்பா போன போட்டும் அதில் ஒன்று. டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் மக்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது நானும் அங்கே இருந்தேன், எனக்கு 15 வயது. அந்தக் கூட்டம் அடிதடிக்கு வந்தது இல்லை. காணாமல் போனவர்களைத் தேடுங்கள் என்று கேட்க வந்த கூட்டம்.

படத்தில் அந்த 11-ஆம் மாவட்டக் காட்சியை இரண்டு வருடம் கழித்து வீட்டில் பார்த்தேன். ஒரு மனிதர் டிவியில் அந்தப் பிள்ளை சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கொஞ்ச நேரம் அசையவே இல்லை. அப்புறம் பாய்கிறார். அவர் மீது தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். அம்மா, டிவியை நிறுத்து மக்களே என்று எழுந்து போய்விட்டார். ரொட்டி அனுப்புவது பெரிய மனசுதான், ஆனால் சொந்தப் பிள்ளை செத்த அன்றைக்கு ரொட்டி சுடுகிற மனசு எல்லாருக்கும் வராது அண்ணா. கோபம் வரும். அந்தக் கோபத்துக்கும் அன்புதான் காரணம். படம் அதைக் காட்டியது தப்பில்லை.

கேமராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓகி சமயத்தில் எங்கள் தெருவில் டிவிக்காரர்கள் நிறையப் பேர் வந்தார்கள். சித்தியின் கையில் சித்தப்பா போட்டோ, மழை படாமல் இருக்க அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். ஒருவர் அந்தக் கவரில் வெளிச்சம் பட்டு மின்னுகிறது, வெளியே எடுத்துப் பிடியுங்கள் என்றார். எடுத்துப் பிடித்தார். இன்னும் கொஞ்சம் மேலே என்றார். பிடித்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. காட்னிஸை மேடையில் உட்காரவைத்து உன் தங்கையைப் பற்றிச் சொல் என்று கேட்கிற காட்சியைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு அந்தக் கவர்தான் ஓர்மை வருகிறது.

சித்தப்பா திரும்பவில்லை. அவரோடு எப்போதும் போகிற மாமா ஒருவர் அந்தத் தடவை காய்ச்சலில் கரையில் நின்றுவிட்டார். அவர் மாதக்கணக்கில் திண்ணையில் உட்கார்ந்து ஒரு துண்டு நைலான் கயிற்றில் முடிச்சுப் போடுவார், அவிழ்ப்பார், திரும்பப் போடுவார். மூன்றாவது புத்தகத்தில் மீன்பிடி மாவட்டத்து ஃபின்னிக் இதையேதான் செய்வான், கையில் கயிறு, நாள் முழுக்க முடிச்சு. அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அமெரிக்காவில் இருக்கிற ஒருவருக்கு எங்கள் மாமா எப்படித் தெரிந்தார்?


வேளிமலை (ஏப்ரல் 23, காலை 7.30)

தம்பி, ஓர் இரவு முழுக்க உன் பதிவையே நினைத்துக்கொண்டிருந்தேன். அடிதடி என்று நான் எழுதியது தவறு. அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ரொட்டி போனதில் எனக்கு வருத்தம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இனிமேல் அதைக் கலவரத்துக்கு எதிராக வைத்துப் பேச மாட்டேன். இரண்டையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.


பேச்சிப்பாறை (ஏப்ரல் 23, மாலை 4.45)

பசி என்று தொடங்கினீர்கள், காட்னிஸ் என்ற பெயரை ஒருவரும் தொடவில்லையே!

அது ஒரு நீர்ச்செடி. இலை அம்பு நுனி மாதிரி இருக்கும், வெள்ளைப் பூவுக்கு மூன்று இதழ். தாவரவியலில் சஜிட்டேரியா, அம்பு என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். வேரில் கிழங்கு, அவித்துத் தின்னலாம். சுரங்க வெடிப்பில் சாவதற்கு முன் அவள் அப்பா குளத்தில் இந்தச் செடியைக் காட்டி, உன்னை நீ கண்டுபிடித்துக்கொள்ள முடிகிறவரை பட்டினி கிடக்க மாட்டாய் என்ற பொருளில் வேடிக்கையாகச் சொல்லியிருப்பார். அவர் போன பிறகு வீடு பட்டினியில் விழுந்து, பேக்கரிப் பையன் பீட்டா வேண்டுமென்றே ரொட்டியைக் கருக விட்டு, அம்மாவிடம் அடி வாங்கிக்கொண்டு, மழையில் கிடந்தவளிடம் எறிகிறான். மறுநாள் அவள் பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு டேன்டிலியன் பூவைப் பார்க்கிறாள், தின்னக்கூடிய கீரை அது. அப்பா சொல்லிக்கொடுத்தது எல்லாம் திரும்ப வருகிறது. வில்லெல்லாம் அதற்கப்புறம்தான். அந்தப் பிள்ளை முதலில் கீரை பறித்தது, கிழங்கு தோண்டியது.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். திருவிதாங்கூரில் மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கு) பரப்பியவர் என்று விசாகம் திருநாள் மகாராஜாவைச் சொல்வார்கள், 1880 முதல் 1885 வரை ஆண்டவர். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. அப்போது நம் குமரிப் பகுதி திருவிதாங்கூரோடுதான் இருந்தது. என் அம்மா சொல்வார், காலையில் மரச்சீனி, மத்தியானம் மரச்சீனி, ராத்திரி அதை வாட்டிக் காயவைத்த கிழங்கு. கொஞ்சம் மீன் கிடைத்தால் அது விருந்து. இன்று ஹோட்டலில் கிழங்கும் மீன்கறியும் பெருமையாகச் சாப்பிடுகிறோம், அது நம்மைச் சாகாமல் வைத்திருந்த சாப்பாடு. ஒரு கிழங்கின் பெயரை மகளுக்கு வைத்த தகப்பனை நம் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். படத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.


ஆரல்காற்று (ஏப்ரல் 23, இரவு 8.00)

சார், ஒரு சின்னத் திருத்தம். 2012 படத்தில் இல்லை, சரி. ஆனால் 2023-ல் வந்த முன்கதைப் படத்தில், லூசி கிரே என்ற பாட்டுக்காரி ஏரிக்கரையில் அந்தக் கிழங்கைத் தோண்டி எடுத்து, எனக்குக் காட்னிஸ் என்று சொல்வதுதான் பிடிக்கும் என்பாள். ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்துப் பிறக்கப்போகிற ஒரு பெண்ணின் பெயரை ஸ்நோவின் காதில் போட்டுவிடுகிறாள். தியேட்டரில் எனக்குச் சிலிர்த்தது.

கிராம்புக்காடு அக்கா எழுதியதையும் மேற்குக்கரை எழுதியதையும் வாசித்தபின் முதலில் படம் என்று அடித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரொட்டி, கிழங்கு இரண்டையும் அறிந்த பிள்ளைக்குப் படம் இன்னும் கனமாக இருக்கும், கண்டிப்பாக. ஆனால் படத்தைக் கைவிட்டுவிடாதீர்கள் அண்ணா. முடிந்தால் 2013-ல் வந்த இரண்டாவது படத்தையும் காட்டுங்கள், ஃபிரான்சிஸ் லாரன்ஸ் இயக்கியது. அவள் கண்ணாடிக் குழாய்க்குள் நிற்கும்போது வெளியே அவளுக்கு உடை வடிவமைக்கும் சின்னாவை அடித்து இழுத்துப்போவார்கள், அவள் கண்ணாடியில் அறைந்துகொண்டே மேலே ஏறி அரங்கத்துக்குள் வருவாள். புத்தகத்தில் இருப்பதற்கு ஒரு துளி குறையாமல் எடுத்திருப்பார்கள். மூன்றாவது புத்தகத்தை இரண்டு படமாக வெட்டியது வீண். இயக்குநரே பின்னால் அதற்கு வருந்துவதாகச் சொல்லிவிட்டார்.


கிராம்புக்காடு (ஏப்ரல் 23, இரவு 8.50)

மூன்று விரலை உதட்டில் தொட்டு உயர்த்துவது 12-ஆம் மாவட்டத்தில் சாவு வீட்டில் எப்போதாவது செய்யும் சைகை. நன்றி, மதிப்பு, போய்வா, மூன்றும் அதில் இருக்கிறது. படத்தில் பார்த்துத்தான் உலகம் அதை எடுத்துக்கொண்டது. தாய்லாந்தில் 2014-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது மக்கள் தெருவில் அந்த விரலை உயர்த்தினார்கள், அதற்காகக் கைதும் ஆனார்கள். 2021-ல் மியான்மரிலும் அதே. படத்தால் முடிந்தது இது, புத்தகம் மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. அதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.


வேளிமலை (மே 27, இரவு 9.20)

எல்லாருக்கும் வணக்கம். நடந்ததைச் சொல்கிறேன்.

நான்கு ஞாயிறு. முதல் மூன்றும் வாசிப்பு, நான்காவது படம். ஆங்கிலப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். முதல் நாள் கதை சொல்கிற பழக்கத்தில் போனாள், பார்த்தாள் என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் நிம்மதியாகக் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து யோசித்தால், காட்னிஸ் எழுதியிருப்பது போகிறேன், பார்க்கிறேன் என்று. அவளுக்கே அடுத்த நிமிடம் தெரியாது. அடுத்த வாரம் மாற்றினேன். காட்னிஸ் ஒளிந்திருக்கும் இடத்தில், நான் மூச்சை அடக்கிக்கொள்கிறேன் என்று சொன்னபோது ஒரு பையன் உண்மையிலேயே அடக்கிக்கொண்டிருந்தான்.

ரூவை வரையச் சொன்னோம். 14 படத்தில் 11-ல் முகத்துக்கு நிறமே பூசவில்லை, தாளின் வெள்ளையே முகம். அந்த வரியை மறுபடி வாசித்தேன். யாரும் சொல்லாமலே பழுப்பு கிரேயானைத் தேட ஆரம்பித்தார்கள். பெட்டியில் ஒன்றுதான் இருந்தது, கை மாற்றி மாற்றித் தீட்டினார்கள். கோட்டாறு அம்மா மகளோடு இரண்டாவது வாரம் வந்தார், அவளும் வரைந்தாள்.

டெசரா கணக்கைப் போர்டில் எழுதினேன். அவரவர் வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள் என்றேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, 14 வயது, மூத்தவள், வீட்டில் ஆறு பேர். 21 என்று எழுதினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தம்பிக்கு மூணு வயசுதான் சார், அவனுக்கும் ஒரு சீட்டா என்று கேட்டாள். வருடத்துக்கு ஒன்று, எத்தனை வயதானாலும் என்றேன். அப்போ தம்பியால எனக்கு மூணு சீட்டு கூட என்றாள். பிறகு 21-ஐச் சுற்றி வட்டம் போட்டாள்.

நான்காவது ஞாயிறு படம். வண்டியேறும் முன் காட்னிஸ் தங்கையிடம் விடைபெறும் இடம். கூடுதலாகச் சாப்பாடு வாங்காதே, அதற்காகப் பெயரைக் கூடுதலாகப் போடுவது தகாது என்று ப்ரிமிடம் அவசர அவசரமாகச் சொல்கிறாள். ஒரே வசனம், எனக்கே அது நினைவில் இல்லை. இரண்டு தடவை படம் பார்த்திருந்த பையன்தான் முதலில் கத்தினான், சார், பின்னால போடுங்க, டெசரா சொல்றா! மூன்று தடவை போட்டோம்.

ஆரல்காற்று தம்பி, படத்தில் பசி இல்லை என்று நான் முதலில் எழுதியது முழுக்கச் சரியில்லை. ஒரு வசனத்தில் இருந்திருக்கிறது.


மேற்குக்கரை (மே 27, இரவு 11.50)

அண்ணா, ரொட்டி இடத்தை வாசித்தீர்களா? என்ன சொன்னார்கள்?


வேளிமலை (மே 28, காலை 6.15)

வாசித்தேன். பிறை வடிவ ரொட்டி எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். பேக்கரியில் விற்கும் பிறை பன் மாதிரி என்று கடைசி பெஞ்சில் ஒருவன் சொன்னான். படம் முடிந்ததும் அதைத்தான் வாங்கிக்கொடுத்தோம், ஆளுக்கு ஒன்று. உன் பதிவையும், உன்னைப் பற்றி எதுவும் சொல்லாமல், 11-ஆம் மாவட்டக் காட்சிக்கு முன்னால் வாசித்துக் காட்டினேன்.

இரண்டாவது புத்தகம் கேட்கிறார்கள். என்னிடம் இருந்த பிரதி அட்டை கிழிந்துவிட்டது. உன்னிடம் இருக்கிறதா?


மேற்குக்கரை (மே 28, காலை 6.40)

இருக்கிறது. சனிக்கிழமை மார்த்தாண்டம் வருகிறேன், பஸ் ஸ்டாண்டில் தருகிறேன். மூன்றாவதையும் கொண்டுவரவா? ஃபின்னிக் பக்கத்தில் ஒரு கயிற்றுத் துண்டை அடையாளத்துக்கு வைத்திருக்கிறேன், அதை எடுக்காமல் வாசியுங்கள்.